மேடையில் கொஞ்சம், ஷெல்ஃபில் அளவாக

சமையல் மேடையில் தினமும் கை படும் பொருள்களுக்கு மட்டும் இடம் கொடுங்கள். எப்போதாவது எடுக்கும் இட்லிக் கொப்பரையும் முறுக்கு அச்சும் கீழ் அலமாரிக்குப் போகட்டும். எண்ணெய்த் தூக்கு, உப்பு ஜாடி, அஞ்சறைப்பெட்டி மூன்றையும் ஒரே ட்ரேயில் வைத்தால், மேடை துடைக்கும்போது ட்ரேயை மட்டும் தூக்கினால் போதும்.

திறந்த ஷெல்ஃபுக்குப் பெரிய எதிரி எண்ணெய்ப் பிசுக்குதான். தாளிக்காத நாள் நம் வீடுகளில் ஏது? அந்தப் புகை படிந்து, மேலே தூசியும் ஒட்டிக்கொள்ளும். அதனால் அடுப்பை ஒட்டிய பலகைகளில் அன்றாடம் கழுவிக் கவிழ்க்கும் தட்டு, டம்ளர்களையே அடுக்குங்கள். அலங்காரம் தள்ளி இருக்கட்டும். பாட்டி காலத்துப் பித்தளைச் செம்பு, பீங்கான் ஊறுகாய் ஜாடி, தண்ணீரில் வளரும் மணி பிளான்ட்... ஒரு பலகைக்கு இவற்றில் ஒன்றே போதும் என்பேன். நான்கைந்து சேர்ந்தால் எதுவுமே கண்ணில் படாது. செம்பு கறுத்தால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்.

கண்ணாடி பாட்டிலில் பருப்பு வகைகள் கொள்ளை அழகு. மஞ்சள்தூள், மிளகாய்த்தூளை மட்டும் அப்படி வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டு நிறம் வெளுக்கும், மணமும் போகும். அவற்றுக்கு மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவே சரி.