கொதித்தாலும் போகாத நஞ்சு

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயிலிருந்துதான் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். பங்குனி வெயில் தொடங்கியதும் வடகரையோரம் பச்சைப் பெயின்டை ஊற்றியதுபோலப் பாசி படர்ந்து, அழுகல் வாடை வீசுகிறது. வயலுக்கு உரமாகப் போடும் நீலப்பச்சைப் பாசிதானே, கெடுதல் இல்லை என்கிறார்கள் சிலர். கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா? மயில்துத்தம் கரைத்து ஊற்றிப் பாசியைக் கொன்றுவிட இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: முதலில் அந்த இளைஞர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பாம் தீவு என்று ஒரு தீவு. பழங்குடி மக்கள் வாழும் இடம். 1979இல் அங்குள்ள சாலமன் அணையில் பாசி பொங்கி, குடிநீரில் வாடையும் கெட்ட சுவையும் வந்தன. மக்கள் முறையிட்டதும் அணையில் மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது. சில நாட்களில் வாந்தி, ஈரல் வீக்கம், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என்று 148 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 138 பேர் குழந்தைகள். மாங்காய் தின்றதால் வந்தது என்றுகூட அப்போது சந்தேகப்பட்டார்கள். பாசி சுரந்த நஞ்சுதான் உண்மையான காரணம் என்பது பிறகுதான் தெளிந்தது. இத்தகைய நஞ்சு பெரும்பாலும் பாசியின் செல்லுக்குள் அடைபட்டிருக்கும். பாசியைக் கொன்றால் செல் உடைந்து உள்ளிருக்கும் நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். குடிநீர் எடுக்கும் கண்மாயில், அதுவும் பாசி தடித்துப் படர்ந்த பிறகு மருந்து போடுவது மிகப் பெரிய தவறு.

கொதிக்க வைப்பதும் அப்படித்தான். நீலப்பச்சைப் பாசிக் கூட்டத்தில் அதிகம் காணப்படும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை சுரக்கும் மைக்ரோசிஸ்டின், ஈரலைத் தாக்கும் நஞ்சு. அடுப்புச் சூட்டில் அது சிதையாது. நீர் ஆவியாக ஆவியாக மிச்சத் தண்ணீரில் அதன் செறிவுதான் கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியின் பாசி குடிநீர் உறிஞ்சும் இடத்துக்கே வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ 5 லட்சம் பேரிடம் நகர நிர்வாகம் சொன்னது இதைத்தான்: குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். குடிநீரில் மைக்ரோசிஸ்டின் எல்ஆர் என்ற வகை லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

வயல் பாசிக்கும் மைக்ரோசிஸ்டிஸுக்கும் குலம் ஒன்று, குணம் வேறு. வயலில் போடும் அனபீனா, நாஸ்டாக் வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெல்லுக்குத் தருபவை. மைக்ரோசிஸ்டிஸுக்கு அந்தத் திறன் கிடையாது. சாக்கடையும் உர வடிநீரும் கொண்டுவந்து சேர்க்கும் பாஸ்பரஸைத் தின்று பெருகும். செல்லுக்குள் காற்றுப் பைகள் இருப்பதால் மேலே மிதந்து வரும். தென்றல் அதைத் தள்ளிக்கொண்டுபோய் வடகரையில் ஒதுக்கும். உங்கள் ஊரில் நடப்பது இதுவாக இருக்கலாம்.

ஒரு நீளமான குச்சியால் கிளறிப் பாருங்கள்; கையை விடவேண்டாம். தலைமயிர்போல் நூல் நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரண இழைப்பாசி. குச்சியில் பச்சையாகப் பூசிக்கொண்டால் சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட பாசி எல்லாமே நஞ்சு சுரக்கும் என்றில்லை என்பது உண்மைதான். ஆனால் எது சுரக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நுண்ணோக்கியாலும் முடியாது. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி.

அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். ஆழ்குழாய்க் கிணறு இருந்தால் அதற்கு மாறுங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் உறிஞ்சு குழாயைப் பாசி ஒதுங்காத கரைக்கு மாற்றி, மேல்மட்ட நீரைத் தவிர்த்து எடுக்கச் சொல்லுங்கள். படிகாரத்தால் பாசியை உடையாமல் படியவைத்து வடிகட்டி, அதன்பிறகே குளோரின் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் பாம் தீவின் கதைதான். ஆடுமாடுகளை அந்தக் கரையில் இறக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பாசி நீர் குடித்துக் கால்நடைகள் மடிந்ததை 1878லேயே ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். மீன் பிடிப்பவர்கள் ஈரலையும் குடலையும் உண்ணவே கூடாது.

கண்மாய்க்கு வரும் சாக்கடையை அடைக்காமல் இந்தப் பாசி ஒழியாது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, நீர் மாதிரியோடு மாவட்ட நிர்வாகத்திடம் இந்த வாரமே கொடுங்கள்.