முகத்தலளவை

மக்கள் கொண்டும் கொடுத்தும் வாழத் தொடங்கிய நாளிலேயே அளவைகளும் தோன்றின. பொருள்களை எண்ணியும், நிறுத்தும், முகந்தும், நீட்டியும் அளப்பது நம் முன்னோர் கண்ட முறையாகும். இவற்றுள் நெல், பால், எண்ணெய் முதலியவற்றைக் கலத்தால் முகந்து அளப்பது முகத்தலளவை எனப்படும்.

பழந்தமிழர் இதற்கு ஒரு வாய்பாடு வகுத்திருந்தனர். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. குறுணியை மரக்கால் என்றும் வழங்குவர். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஆகவே கலம் ஒன்றுக்கு மரக்கால் 12, நாழி 96.

வாய்பாடு ஒன்றாயினும் அளக்கும் கருவி எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள், நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்ததாகப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. மரக்கால்கள் பலவாக இருந்தமையால் அன்றோ இன்ன மரக்கால் என்று குறிக்க நேர்ந்தது? பிற்காலத்தும் ஊர்க்கு ஊர் படி வேறுபட்டது. குவித்து அளந்து வாங்கி, தலைவழித்து அளந்து விற்போன் கையில் உழவனுடைய உழைப்பின் பயன் தேய்ந்தது.

நாடு முழுதும் ஒரே அளவை வேண்டும் என்று கருதி, 1956ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் எடை அளவைச் சட்டம் இயற்றியது. அதன் பின்னர் மீட்டர் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் முகத்தலளவைக்கு அடிப்படை லிட்டர். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டியின் கொள்ளளவே ஒரு லிட்டர் என்பது 1964ஆம் ஆண்டில் உலக நாடுகளின் அளவை மாநாட்டில் உறுதிசெய்யப்பட்டது.

மில்லிலிட்டர், சென்டிலிட்டர், டெசிலிட்டர், லிட்டர், டெகாலிட்டர், ஹெக்டாலிட்டர், கிலோலிட்டர் என்பன ஏணிப்படிகள் போன்றவை. ஒவ்வொரு படியும் அதற்குக் கீழுள்ள படியைப் போலப் பத்து மடங்காம். பெரிய அலகைச் சிறிய அலகாக்கப் பெருக்குதல் வேண்டும். சிறியதைப் பெரியதாக்க வகுத்தல் வேண்டும். மில்லிலிட்டருக்கும் லிட்டருக்கும் இடையே மூன்று படிகள் உள்ளமையின், 1 லிட்டர் 1000 மில்லிலிட்டர் ஆகும்.

ஏறுதழுவுதலால் பெயர்பெற்ற அலங்காநல்லூரில் ஒரு வீட்டார் காலையில் 4 லிட்டர் 750 மில்லிலிட்டர் பால் விற்கின்றனர் எனக் கொள்வோம். அஃது 4.750 லிட்டர். எழுதுவோர் 4 லிட்டர் 75 மில்லிலிட்டர் எனக் குறித்துவிடின், அது 4.075 லிட்டரே ஆகும். ஒரு சுழி விடுபட்டதனால் நாளொன்றுக்கு 675 மில்லிலிட்டரும், முப்பது நாளில் 20 லிட்டர் 250 மில்லிலிட்டரும் கணக்கில் மறைந்துபோம். மருந்திலோ, 2.5 மில்லிலிட்டரை 25 எனப் படிப்பவர் குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்தை ஊட்டிவிடுவர். இங்குப் புள்ளி ஒன்று உயிரைக் காக்கும்; உயிரைப் போக்கவும் கூடும்.

மாணவர்கள் பெரிதும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. ஒரு மீட்டர் 10 டெசிமீட்டர் ஆதலால், ஒரு கன மீட்டரும் 10 கன டெசிமீட்டர் என எண்ணிவிடுகின்றனர். நீளம், அகலம், உயரம் மூன்றும் பப்பத்தாகப் பெருகுதலின், ஒரு கன மீட்டர் 1000 கன டெசிமீட்டர், அதாவது 1000 லிட்டர் ஆகும். 2 மீட்டர் நீளமும், 1.5 மீட்டர் அகலமும், 1 மீட்டர் ஆழமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 3 கன மீட்டர். அதில் 3000 லிட்டர் நீர் கொள்ளும்.

அணைகளின் நீரை இன்றும் கன அடியால் குறிக்கும் வழக்கம் உண்டு. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், வைகையில் கலந்து, பேரணையிலிருந்து கால்வாய் வழியே மதுரை வட்டார வயல்களுக்குப் பாய்கின்றது. அக்கால்வாயில் வினாடிக்கு 900 கன அடி நீர் திறக்கப்பட்டது எனச் செய்தி வருமாயின், அது வினாடிக்கு ஏறத்தாழ 25,470 லிட்டர், அஃதாவது 25.47 கன மீட்டர் என அறிக.

மாணவர்களே! எண்ணை எழுதும்போது அலகையும் உடன் எழுதுங்கள். புள்ளி நிற்கும் இடத்தை இருமுறை நோக்குங்கள். விற்போனும் வாங்குவோனும் ஒருவரையொருவர் ஐயுறாமல் வாழ்வதற்குத் துணையாவது செம்மையான அளவையே ஆகும்.