நெடுந்தூர ரைடில் ஜிபிஎஸ் அணையாமல் இருக்க எது சரி?

குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ரைடுதான் பிரெவே. 600 கிலோமீட்டர் பிரெவேயை முடிக்க 40 மணி நேரம் தருகிறார்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியோ பெரும்பாலும் 15 முதல் 20 மணி நேரம் தாங்கும் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறது. வரைபடம், இரவில் திரை வெளிச்சம், போனோடு புளூடூத் என்று எல்லாம் ஓடினால் அதுவும் குறையும். 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம்தான் என்பதால் கவலையில்லை. 300-ஐத் தொட்டால் 20 மணி நேரம். அதிலிருந்து வழியில் சார்ஜ் ஏற்றத் தயாராக இருக்க வேண்டும்.

எதை வாங்குவது என்றதும் எத்தனை எம்ஏஎச் என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டானால் உங்கள் கருவி என்ன செய்யும்? பெரும்பாலானவை சத்தமில்லாமல் சொந்த பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். சில மாடல்கள் வெளி மின்சாரம் போய்விட்டதாகத் திரையில் எச்சரித்து, சில நொடிகளில் நீங்கள் பட்டனை அழுத்தாவிட்டால் தானாக அணைந்துவிடும். வீட்டிலேயே பதிவை ஓடவிட்டு, கேபிளைச் செருகிப் பிடுங்கிப் பாருங்கள். எந்த வழி உங்களுக்கு ஒத்துவரும் என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

பவர் பேங்க்

விலை குறைவு, எங்கும் கிடைக்கும். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாறுவதிலும் கேபிளிலும் மூன்றில் ஒரு பங்கு வீணானாலும், 1,200 எம்ஏஎச் பேட்டரி உள்ள ஜிபிஎஸ் கருவியை ஏறக்குறைய ஐந்து முறை நிரப்பலாம். ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் என்றால் 5,000 போதும். போனும் விளக்கும் சேர்ந்தால் 10,000 எடுங்கள்.

சிக்கல்கள் மூன்று. ஒன்று, கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே நின்றுவிடும். ஏற்கெனவே நிறைந்திருக்கும் கருவியோடு அதை நாள் முழுக்க இணைத்து வைப்பதில் பயனில்லை. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியதும் செருகுங்கள், நிறைந்ததும் எடுத்துவிடுங்கள். இரண்டு, தரவும் கடத்தும் கேபிளைப் போட்டால் சில கருவிகள் கணினியோடு இணைந்ததாக நினைத்துப் பதிவை நிறுத்திவிடும். சார்ஜுக்கு மட்டுமேயான கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. மூன்று, மழை. ரப்பர் மூடி திறந்திருக்கும்போது நீர் புகும் வழி அந்தத் துளைதான். மழையில் ஓட்டிக்கொண்டே சார்ஜ் ஏற்றாதீர்கள். டீக்கடைக் கூரைக்குக் கீழே நிற்கும்போது ஏற்றுங்கள்.

குழிச் சாலையின் அதிர்வில் முதலில் தளர்வது சார்ஜ் துளைதான். எல் வடிவ முனை உள்ள கேபிளாக வாங்கி, கொஞ்சம் தொய்வு விட்டு ஸ்டெம்மில் கட்டுங்கள்.

டைனமோ ஹப்

டயரில் உரசும் பழைய டைனமோ இல்லை இது; முன்சக்கரத்தின் நடுவிலேயே இருப்பது. ஷிமானோவும் ஜெர்மனியின் ஷ்மிட் நிறுவனமும் செய்பவை புகழ்பெற்றவை. பொதுவான தரம் 6 வோல்ட், 3 வாட் மாறுமின்னோட்டம். அதை யுஎஸ்பியாக மாற்ற தனிச் சார்ஜர் வேண்டும். சக்கரத்தையும் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதால் செலவு அதிகம்.

சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஜிபிஎஸ்ஸுக்குத் தேவையானது தாராளமாகக் கிடைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 8, 10 கிலோமீட்டரில் ஊர்ந்து ஏறும்போது மின்சாரம் விட்டுவிட்டு வரும். துண்டானதும் அணையும் கருவிக்கு இதுதான் எமன். இரவில் முகப்பு விளக்கும் அதே 3 வாட்டில்தான் பங்கு கேட்கும். ஆகவே டைனமோவிலிருந்து நேரடியாகக் கருவிக்குக் கொடுக்காமல், நடுவில் ஒரு சிறு பவர் பேங்க் வையுங்கள். ஒருபுறம் ஏற்றிக்கொண்டே மறுபுறம் கொடுக்கும் வகை அது என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

ஏஏ செல்

கார்மின் ஈட்ரெக்ஸ் போன்ற கையடக்கக் கருவிகள் இரண்டு ஏஏ செல்லில் சுமார் 25 மணி நேரம் ஓடும். கேபிளே வேண்டாம், மழையில் துளையைத் திறக்க வேண்டியதில்லை, செல் தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். பவர் மீட்டர் வைத்துப் பயிற்சி செய்பவர்களுக்கு இது சரிப்படாது.

பெரிய பேட்டரி

2022-ல் வந்த கார்மின் எட்ஜ் 1040 சோலார், கடும் பயன்பாட்டிலும் 45 மணி நேரம் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். அதன்படி தாங்கினால் 600 கிலோமீட்டரை ஒரே சார்ஜில் முடிக்கலாம். விலைதான் தடை.

யாருக்கு எது?

ஆண்டுக்குச் சில பிரெவேக்கள், 600 வரை என்றால் பவர் பேங்க் போதும், டைனமோவுக்குச் செலவழிக்காதீர்கள். 1,000, 1,200 கிலோமீட்டர் என்று நாள்கணக்கில் ஓட்டுபவர்களுக்கும், சார்ஜ் ஏற்ற இடமில்லாத பாதையில் போகிறவர்களுக்கும் டைனமோ தகும். வழியும் பதிவும் மட்டும் வேண்டும், வம்பு வேண்டாம் என்பவர்களுக்கு ஏஏ.

எதை எடுத்தாலும் சில பழக்கங்கள் பொது. திரை வெளிச்சத்தைக் குறைத்து, தானாக அணையும்படி வையுங்கள். 600 ஓட்டும்போது 300-வது கிலோமீட்டரில் ஒரு முறை பதிவைச் சேமித்துப் புதிதாகத் தொடங்குங்கள். பிறகு கோளாறு வந்தாலும் முதல் பாதி பத்திரம். உச்சி வெயிலில் சார்ஜ் ஏற்ற வேண்டாம்; லித்தியம் பேட்டரி அதிகம் சூடானால் சார்ஜ் ஏறுவதே நின்றுவிடும்.

புதிதாக வாங்கிய பவர் பேங்கையும் கேபிளையும் முதன்முதலாக 600-க்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஒரு 200-ல், கருவி தானே தாங்கும் என்று தெரிந்த ரைடில், ஓட்டத்தின் நடுவே செருகி எடுத்துப் பழகுங்கள். அங்கே பிழை வந்தால் இழப்பு சிறியது. திருத்திக்கொள்ளவும் நாள் இருக்கும்.