பசிப்பிணி தந்த பாடமும் பருமன் சிகிச்சையும்

ஹைதராபாத் நகரின் தார்நாகா பகுதியில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்து அமைந்துள்ளது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இதன் வரலாறு தமிழ்நாட்டில் தொடங்கியதாகும். 1918-ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்கென ஒரு சிறு பிரிவைத் தோற்றுவித்தார். அப்பிரிவு வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. பொன்விழாவையொட்டி 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

பெரிபெரி என்பது பி1 வைட்டமின், அதாவது தையமின், குறைவதால் வரும் நோய். கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், இதயம் பலவீனமடையும். தவிட்டுடன் தையமினும் நீங்கிவிடுவதால், நன்றாகத் தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்டவர்களிடம் இந்நோய் மிகுந்திருந்தது. நெல்லைப் புழுக்கும்போது இச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே புழுங்கலரிசி உண்டோர் பெரிதும் தப்பினர். இன்று இந்நோய் பாடநூல்களில் மட்டுமே உள்ளது என்று பலர் எண்ணக்கூடும். ஆனால் அது வேறொரு வாயிலாக மருத்துவமனைகளுக்கு மீண்டும் வரக்கூடும். உடல் எடையைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையே அந்த வாயில்.

பற்றாக்குறையும் மிகுதியும்

2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நமது நாட்டில் பெண்களில் 24 சதவீதத்தினரும் ஆண்களில் 22.9 சதவீதத்தினரும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். தெலங்கானாவில் பெண்களிடையே இது 30.1 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4 சதவீதம். அதே ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு என்றும் கூறுகிறது. ஆகவே எடை மிகுந்த உடலில் சத்துகளும் மிகுந்திருக்கும் எனக் கொள்வது தவறாகும். அரிசி, எண்ணெய், சர்க்கரை ஆகியவை மிகுந்தும், பருப்பு, காய்கறி, பால், முட்டை ஆகியவை குறைந்தும் உள்ள உணவு, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே இரும்புச் சத்தையும் வைட்டமின்களையும் குறையச் செய்கிறது.

பருமனை அளக்கும் முறை

கிலோகிராம் அளவிலான எடையை, மீட்டர் அளவிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு ஆகும். 160 செண்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவரின் குறியீடு 25. உலக அளவில் 30-க்கு மேற்பட்டதே பருமன் எனக் கொள்ளப்படுகிறது. ஆனால் இந்தியரின் உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், குறைந்த எடையிலேயே கொழுப்பு சேர்ந்து நீரிழிவுக்கு இடமளிப்பதால், 2009-இல் வெளியான இந்திய வல்லுநர்களின் ஒருமித்த கருத்துரை 25-ஐயே பருமனின் தொடக்கமாக வகுத்தது. நீரிழிவு போன்ற துணை நோய்கள் உள்ளவர்களுக்கு 32.5 என்ற அளவிலும், அவை இல்லாதவர்களுக்கு 37.5 என்ற அளவிலும் அறுவைச் சிகிச்சையைக் கருதலாம் என்றும் அது கூறியது.

சிகிச்சைக்கு முந்தைய வாழ்க்கை

மிகுந்த பருமனுடையவரின் துன்பம் எடைக் கருவி காட்டும் எண்ணோடு முடிவதில்லை. பேருந்தின் படியில் ஏறுவதும், தரையில் அமர்ந்து உண்பதும், கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுப்பதும் அவருக்குப் பெருமுயற்சியாகின்றன. முழங்கால் வலியால் நடை குறைகிறது. நடை குறைவதால் எடை மேலும் கூடுகிறது. உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படுவதால் பகலில் அலுவலக மேசையிலேயே கண் அயர்கிறார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் ஆண்டுதோறும் கூடுகின்றன.

இவற்றுடன் ஏளனமும் சேர்கிறது. 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்ற பழி எளிதில் சுமத்தப்படுகிறது. உண்மையில் இத்தகையோரிற் பலர் பன்முறை பத்தியம் இருந்து எடையைக் குறைத்தவர்களே. எடை குறையும்போது உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்புநீர்கள் பெருகுகின்றன. பஞ்சத்தைத் தாங்குவதற்கு உதவிய இந்த இயல்பே, குறைந்த எடையை மீண்டும் ஏற்றிவிடுகிறது. இதனை மனவுறுதியின் குறைவு என்று மட்டும் கருதுவது அறிவியலுக்கு ஒவ்வாது.

சிகிச்சை செய்வது என்ன?

இத்துறையின் வரலாறு 1950-களில் தொடங்குகிறது. 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். இன்று இரு முறைகள் பெருவழக்கில் உள்ளன. முதல் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு குழாய் வடிவில் விடப்படுகிறது. இரண்டாவது முறையில் இரைப்பையின் மேற்பகுதி ஒரு சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் நேராக இணைக்கப்படுகிறது. இதனால் உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே செல்கிறது.

இரைப்பையின் கொள்ளளவு குறைவது மட்டுமே இதன் பயனன்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்புநீர் குறைகிறது. நிறைவுணர்வையும் இன்சுலின் சுரப்பையும் தூண்டும் குடற்சுரப்புகள் பெருகுகின்றன. ஆதலால் நீரிழிவு நோயாளிகள் பலரிடம், எடை பெரிதும் குறையுமுன்னரே இரத்தச் சர்க்கரை தணிகிறது. ஸ்வீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, அறுவைச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 2,000 பேரையும், பெறாத அதே அளவினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. சிகிச்சை பெற்றோரிடையே மரணம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்ததை 2007-இல் வெளியான அதன் முடிவு காட்டிற்று. சிகிச்சையின் மதிப்பு இதனால் விளங்கும்.

சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்க்கை

முதலில் நீராகாரம், பின்னர் கூழ், அதன்பின் குழைந்த உணவு, இறுதியில் திட உணவு என்று படிப்படியாகவே உண்ணத் தொடங்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம் போதுமானதாகிவிடும். மெல்ல மென்று, இருபது முப்பது நிமிடங்கள் எடுத்துக்கொண்டு உண்ண வேண்டும். உணவுடன் நீர் அருந்துதல் கூடாது. இனிப்பு மிகுந்த பண்டங்களை உண்டால், குறிப்பாக மாற்றுவழி முறையில், படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம்.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பொது விதி. நமது வழக்கமான உணவில் இது எளிதன்று. ஒரு முட்டையில் கிடைப்பது ஆறு கிராம். நூறு கிராம் தயிரில் மூன்று கிராம் அளவே. சிறு கிண்ணத்தில் சோறு முதலிடம் பெற்றால் புரதத்துக்கு இடமிராது. எனவே பருப்பு, முட்டை, மீன், பால்பொருள்கள் ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றை இறுதியில் சிறிது சேர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. குழம்பு, ரசம், மோர் என்று சோற்றைச் சுற்றி அமைந்த நமது உணவு முறையே இங்குத் தலைகீழாகிறது. குடும்பத்தில் சமைப்பவரும் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. விருந்துக்கு அழைத்தவர் 'இன்னும் சிறிது' என்று வற்புறுத்துவது அன்பின் அடையாளமே. ஆயினும் இவருக்கு அது வாந்தியில் முடியும்.

முதல் ஓரிரு ஆண்டுகளில் எடை வெகுவாகக் குறைகிறது. மூச்சு எளிதாகிறது, முழங்கால் வலி தணிகிறது, மாத்திரைகளின் எண்ணிக்கை குறைகிறது. மறுபக்கம், சில மாதங்கள் முடி உதிர்கிறது. தோல் தளர்ந்து தொங்குகிறது. சிலருக்குப் பித்தப்பைக் கற்கள் உண்டாகின்றன. பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுதலைத் தள்ளிப்போட வேண்டும். மதுவின் போதை விரைவில் ஏறுவதால் அதனைத் தவிர்ப்பதே நன்று. பழைய பழக்கங்கள் திரும்பினால் இழந்த எடையின் ஒரு பகுதியும் திரும்பும்.

பழைய நோய்கள், புதிய நோயாளிகள்

தார்நாகா நிறுவனத்தின் தொடக்ககாலப் பாடம் இங்குதான் பயன்படுகிறது. உடலிலுள்ள தையமின் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதுமானது. சிகிச்சைக்குப்பின் உணவு குறைந்துள்ள நிலையில் வாந்தியும் தொடர்ந்தால், அச்சேமிப்பு தீர்ந்துவிடும். நடை தடுமாறுதல், பார்வை இரட்டித்தல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றுகின்றன. அந்நிலையில் தையமின் அளிக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மேலும் மோசமாகும். மூளைக்கு நிரந்தரத் தீங்கும் நேரலாம். நோயாளி தன் ஊரிலுள்ள மருத்துவரிடம் 'வாந்தி' என்று மட்டும் கூறி, அறுவைச் சிகிச்சை நடந்ததைக் கூறாதிருந்தால் இந்தத் தவறு எளிதில் நிகழும்.

இரும்புச் சத்து பெரும்பாலும் முன்சிறுகுடலில் உறிஞ்சப்படுவதால், மாற்றுவழி முறையில் இரத்தசோகை மிகக்கூடும். பி12 வைட்டமினை உடல் ஏற்பதற்கு இரைப்பையின் சுரப்புகள் தேவை. அதன் சேமிப்பு சில ஆண்டுகள் நீடிப்பதால், குறைவு காலந்தாழ்ந்தே வெளிப்படும். அதற்குள் நரம்புகள் பழுதடையக்கூடும். சைவ உணவு உண்போருக்கு இந்த ஆபத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்தும் டி வைட்டமினும் குறைந்தால் எலும்பு நலிவடையும். ஆகவே இச்சத்துகளை மாத்திரையாகவோ ஊசியாகவோ வாழ்நாள் முழுவதும் பெற வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் உட்கொள்ளாமல், இடையே இரண்டு மணி நேரம் விடுதல் அவசியம்.

நிர்வாகத்தின் பொறுப்பு

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை, 18 வயது நிறைந்தவருக்கு, குறியீடு 40-ஐ எட்டியிருந்தால், அல்லது 35-ஐ எட்டி கட்டுப்படாத நீரிழிவு, இதயநோய் போன்றவையும் இருந்து, பிற முறைகள் பயன் தராதிருந்தால், இச்சிகிச்சையை விலக்கலாகாது என்ற நிலையை வகுத்தது. மருத்துவ வல்லுநர்கள் கூறும் 32.5-க்கும் இந்த 35-க்கும் இடையே ஓர் இடைவெளி உள்ளது. 160 செண்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 83 கிலோவுக்கும் 90 கிலோவுக்கும் இடைப்பட்டதாகும். கடும் நீரிழிவுடன் இந்த இடைவெளியில் நிற்பவர், தம் கைப்பொருளையே நம்ப வேண்டியிருக்கலாம்.

அதனினும் முக்கியமானது, சிகிச்சைக்குப் பிந்தைய செலவு. அறுவை ஒரு நாளில் முடிகிறது. மாத்திரையும் பரிசோதனையும் உணவு ஆலோசனையும் ஆயுள் முழுவதும் தொடர்கின்றன. வசதி குறைந்தவர் முதலில் நிறுத்துவது இவற்றையே. எனவே சிகிச்சைக்கு நிதி வழங்கும் எத்திட்டமும் தொடர் கண்காணிப்பையும் அதன் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும். சிகிச்சையின் வகையையும் தேவையான சத்துகளையும் குறிக்கும் ஓர் அட்டையை நோயாளி எப்போதும் வைத்திருத்தலும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு இதுபற்றிப் பயிற்சி அளித்தலும் சிறு செலவில் பெரும் பயன் தரும்.

அறுவைச் சிகிச்சை மிகச் சிலருக்கே உரியது. ஏனைய கோடிக்கணக்கானோருக்குத் தேவை, உணவிலும் உழைப்பிலும் மாற்றமே. தார்நாகா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், தானியத்தின் பங்கைக் குறைத்துப் பருப்பு, காய்கறி, பழம் ஆகியவற்றின் பங்கைக் கூட்டுமாறு கூறுகின்றன. குன்னூரில் ஓர் அறையில், பசித்தவரின் நோய்க்கு விடை தேடியபோது அறியப்பட்ட உண்மை, பருமனுடையவரையும் இன்று காக்க வல்லதாயிருக்கிறது. வயிறு நிறைவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு என்பதே அந்த உண்மை. அறுவையாளரின் கத்தி தொடங்கி வைத்த வாழ்க்கையை நிலைநிறுத்துவது, நாள்தோறும் அந்தச் சிறு கிண்ணத்தில் இடப்படும் உணவேயாகும்.