தள்ளுபடி விலையில் கணினி விளையாட்டு: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஆடித் தள்ளுபடியில் துணி எடுக்கச் சென்றவர் தேவைக்கு மேல் நான்கு புடவைகளுடன் வீடு திரும்புவது நாம் அறிந்த காட்சி. அதே காட்சி இன்று பிள்ளைகளின் கணினித் திரையிலும் நிகழ்கிறது. கணினி விளையாட்டுகள் இப்போது பெரும்பாலும் குறுந்தகட்டில் வருவதில்லை. இணையக் கடைகளில் விற்கப்படுகின்றன. அக்கடைகளில் ஆண்டுக்குப் பலமுறை பெருந்தள்ளுபடி அறிவிக்கப்படுகிறது. பணம் செல்வதோ பெரும்பாலும் பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்து. ஆகவே தள்ளுபடி எங்கே கிடைக்கிறது, எதை வாங்குவது தகும், எங்கே வாங்கக் கூடாது என்னும் மூன்றையும் விளையாடுபவர் மட்டுமன்றிப் பணம் செலுத்துபவரும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் ஓர் எளிய கணக்கு

ஒரு கல்லூரி மாணவர் தள்ளுபடிக் காலத்தில் ஆறு விளையாட்டுகளை வாங்குகிறார் என்று கொள்வோம். ஒவ்வொன்றின் முழு விலை ரூ.1,500. தள்ளுபடி 70 விழுக்காடு. எனவே ஒன்றுக்கு ரூ.450 வீதம் அவர் செலுத்தியது ரூ.2,700. ரூ.9,000 மதிப்புள்ள பொருளில் ரூ.6,300 மிச்சம் என்று அவர் மகிழ்கிறார்.

ஓராண்டு கழிகிறது. ஆறில் இரண்டை மட்டுமே அவர் விளையாடியிருக்கிறார். அவ்விரண்டையும் முழு விலைக்கே வாங்கியிருந்தாலும் ரூ.3,000 தான் ஆகியிருக்கும். அவர் செலவிட்டதோ ரூ.2,700. எழுபது விழுக்காடு என்று கண்ட தள்ளுபடி, உண்மையில் பத்து விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. விளையாடாத பொருளுக்குக் கொடுத்த பணம், அது எவ்வளவு குறைவாயினும், முழு இழப்பே. இக்கட்டுரையின் அடிப்படைப் பாடம் இதுதான்.

எங்கே, எப்போது?

கணினி விளையாட்டுக் கடைகளுள் பெரியது, வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஸ்டீம். 2015 முதல் இங்கு இந்திய ரூபாயிலேயே விலை காட்டப்படுகிறது. ஜூன் இறுதியை ஒட்டிய கோடை விற்பனையும், டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கும் குளிர்கால விற்பனையும் இதன் பெரிய தள்ளுபடிக் காலங்கள்; இவை ஏறத்தாழ இரண்டு வாரம் நீடிக்கும். விற்பனையின் முதல் நாளில் உள்ள விலையே பெரும்பாலும் கடைசி நாள்வரை இருக்கும். எனவே நள்ளிரவில் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை.

2018-இல் தொடங்கப்பட்ட எபிக் கேம்ஸ் ஸ்டோர் வாரந்தோறும் ஏதேனும் ஒரு விளையாட்டையேனும் இலவசமாக வழங்கி வருகிறது. ஜிஓஜி என்னும் கடை, நகல் தடுப்புப் பூட்டு இல்லாத விளையாட்டுகளை விற்கிறது. நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி நம்மிடமே சேமித்து வைத்துக்கொள்ளலாம். ஹம்பிள் பண்டில் தளத்தில் பல விளையாட்டுகள் ஒரே தொகுப்பாகக் குறைந்த விலையில் கிடைக்கும். தொகையில் ஒரு பகுதி அறப்பணிக்குச் செல்லும்.

ஒரு தள்ளுபடி உண்மையில் சிறந்ததா என்பதை விழுக்காட்டைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. அந்த விளையாட்டு இதுவரை விற்கப்பட்ட மிகக் குறைந்த விலையோடு ஒப்பிட வேண்டும். ஸ்டீம்டிபி, இஸ்தேர்எனிடீல் ஆகிய தளங்கள் இந்த விலை வரலாற்றைக் காட்டுகின்றன. விரும்பும் விளையாட்டைக் கடையின் விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்தால், விலை குறையும்போது மின்னஞ்சல் வரும். அறிவிப்பு வரும்வரை காத்திருப்பதற்குக் காசு செலவில்லை.

காத்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டு 2020 டிசம்பரில் பிழைகள் மலிந்த நிலையில் வெளிவந்தது. அடுத்தடுத்த திருத்தங்களாலும் 2023 செப்டம்பரில் வந்த பெரிய மேம்படுத்தலாலும் அது பெரிதும் சீரடைந்தது. முதல் நாளில் முழு விலை கொடுத்தவர் பெற்றது குறையுள்ள பொருளை. பொறுத்திருந்து தள்ளுபடியில் வாங்கியவர் பெற்றது செம்மையான பொருளை.

எது வாங்கத் தகும்?

முதலாவது, கணினியின் திறன். ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கப்படும் தேவை என இரு பட்டியல்கள் இருக்கும். குறைந்தபட்சத் தேவை என்பது விளையாட்டு இயங்கும் என்பதற்கே உறுதி. இனிதாக இயங்கும் என்பதற்கு அன்று. சேமிப்பிடத்தையும் பார்க்க வேண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாட்டு 150 ஜிபி இடம் கேட்கிறது. 256 ஜிபி கொண்ட மடிக்கணினியில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தைக் கொண்டு 100 ஜிபி பதிவிறக்க ஐம்பது நாள் ஆகும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது, நேரம். கொடுக்கும் விலையை விளையாடும் மணிநேரத்தால் வகுத்துப் பார்ப்பது பலர் கையாளும் முறை. எரிக் பரோன் என்னும் ஒருவர் தனியாளாக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி என்னும் வேளாண்மை விளையாட்டு இக்கணக்கில் மிக உயர்ந்து நிற்கும். அது எளிய கணினியிலும் இயங்கும். பல நூறு மணி நேரம் விளையாடுவோர் உண்டு. பின்னர் வந்த மேம்படுத்தல்களும் இலவசமாகவே தரப்பட்டன.

ஆயினும் மணிக்கணக்கு மட்டுமே அளவுகோல் ஆகாது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பா என்னும் விளையாட்டு 2023-இல் வெளிவந்தது. தாயின் சிதைந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்லியும் பிரியாணியும் சமைத்தபடியே கதையில் செல்லும் அதனை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். நல்ல திரைப்படத்தை நிமிடக் கணக்கில் நாம் மதிப்பிடுவதில்லை அல்லவா? அதுபோலவே இதுவும். நீளமா ஆழமா, தமக்கு எது வேண்டும் என்பதை வாங்குபவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, மறைந்திருக்கும் செலவு. அடிப்படைப் பதிப்பு மலிவாகவும், கூடுதல் அத்தியாயங்கள் தனித்தனி விலையிலும் இருக்கலாம். அவ்வாறாயின் எல்லாம் அடங்கிய முழுமைப் பதிப்பின் தள்ளுபடி விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். இலவசம் என்னும் பெயரில் வரும் பல விளையாட்டுகள் உள்ளே நுழைந்த பின் ஆடை, ஆயுதம் என்று சிறுசிறு தொகையாகப் பணம் பெறுகின்றன. சிறுவர் கையில் சேமிக்கப்பட்ட அட்டை விவரம் இருந்தால் இத்தொகை மாத இறுதியில்தான் தெரியவரும்.

வாங்கிய பின்னும் ஒரு வாய்ப்பு உண்டு. ஸ்டீமில் வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே வாங்கிய விளையாட்டை உடனே நிறுவி, நம் கணினியில் ஒழுங்காக இயங்குகிறதா என்று சோதித்துவிட வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த உரிமை காலாவதியாகும்.

மலிவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஆபத்து

அங்கீகாரம் பெற்ற கடைகளைவிட மிகக் குறைந்த விலைக்கு விளையாட்டுச் சாவிக் குறியீடுகளை விற்கும் இடைத்தரகுத் தளங்களும் உள்ளன. அங்கு விற்கப்படும் சாவிகள் அனைத்தும் முறைகேடானவை அல்ல. ஆனால் திருடப்பட்ட அட்டை விவரங்களைக் கொண்டு வாங்கப்பட்ட சாவிகளும் அவற்றுள் கலந்து வருவதுண்டு. அட்டைக்கு உரியவர் தம் வங்கியில் முறையிட்டால் அத்தொகை திருப்பி எடுக்கப்படும். இழப்புற்ற நிறுவனம் சாவியை முடக்கும். கடைசியில் வாங்கியவரிடம் பணமும் இராது, விளையாட்டும் இராது. அந்தத் திருட்டு அட்டை நம்மில் ஒருவருடையதாகவும் இருக்கலாம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மலிவின் உண்மை விலை விளங்கும். இலவசம் என்று பரப்பப்படும் திருட்டுப் பதிப்புகளோ இன்னும் கொடியவை. கடவுச்சொற்களைத் திருடும் தீநிரல்கள் அவற்றோடு சேர்ந்து கணினியில் நுழையக்கூடும்.

கணக்கைக் காக்கும் வழிகள்

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி 2020 அக்டோபர் முதல், இணையவழிப் பயன்பாட்டையும் அயல்நாட்டுப் பயன்பாட்டையும் அட்டைதாரரே தனித்தனியே இயக்கவும் நிறுத்தவும், உச்சவரம்பு விதிக்கவும் முடிகிறது. வாங்கும் நாளில் மட்டும் தேவையான வரம்போடு இயக்கி, பின்னர் நிறுத்திவிடுவது சிறந்தது. ஏனெனில் சில அயல்நாட்டுத் தளங்கள் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்காமலேயே தொகையை எடுக்கக்கூடும். டாலரில் விலையிடும் தளங்களில் அயல் நாணய மாற்றுக் கட்டணமும் அதன்மீது ஜிஎஸ்டியும் சேரும். தள்ளுபடி விலையோடு இதனையும் கூட்டிப் பார்க்கவும்.

அறியாத பரிவர்த்தனை ஏதேனும் தென்பட்டால் உடனே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் வேறிடத்தில் நிகழ்ந்திருந்தால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. ஆனால் கடவுச்சொல்லைத் தாமே பிறரிடம் கூறியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவரையே சாரும். பண மோசடிக்கு உள்ளானோர் 1930 என்னும் எண்ணிலும் உடனே புகார் அளிக்கலாம்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

1. இந்த மாதத்திற்குள் இதை விளையாடத் தொடங்குவேனா?
2. பரிந்துரைக்கப்படும் தேவை என் கணினியில் உள்ளதா?
3. இதுவரை வந்த மிகக் குறைந்த விலையோடு ஒப்பிட்டேனா?
4. பின்னால் வரக்கூடிய கூடுதல் செலவு என்ன?
5. விற்பவர் அங்கீகாரம் பெற்றவரா?

முதல் கேள்விக்கே இல்லை என்று விடை வந்தால், மற்ற நான்கும் தேவையில்லை. விளையாட்டை விருப்பப் பட்டியலில் விட்டுவிட்டுப் பணத்தைக் கணக்கில் வைத்திருங்கள். ஆறு மாதத்தில் அடுத்த பெரிய விற்பனை வரும்; அன்றும் அது வேண்டும் என்று தோன்றினால், அப்போது வாங்குவதில் தவறில்லை.