உத்தரவு பெற்று உட்புகுக

கடுகண்ணாவை.

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. கொழும்பில் உன் படிப்பும் தேக சுகமும் நல்லபடியாயிருக்க வேண்டுமென்று அத்தை தினமும் பிரார்த்திக்கிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. நீ கட்டணம் செலுத்திய ஒரு கல்வி நிலையத்தின் இணையத்தளத்தில், உன் பற்றுச்சீட்டுப் பக்கத்து முகவரியின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டிப் பார்த்தபோது, யாரோ ஒரு மாணவியின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி எண்ணும் உன் கண்முன் வந்து நின்றன என்றும், அந்நிலையத்தாரின் அசிரத்தையை உலகறியச் செய்யும் பொருட்டு அவர்களுடைய தளத்தின் முகப்பிலேயே ஓர் எச்சரிக்கையைப் பதித்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். உன் கோபம் நியாயமானது. ஒரு பெண்பிள்ளையின் விவரங்கள் வருவோர் போவோர்க்கெல்லாம் திறந்து கிடப்பதைக் கண்டு கொதிக்காதவன் கணினித் தொழிலுக்கே லாயக்கற்றவன். ஆயினும் நீ உத்தேசித்திருக்கும் காரியத்தைச் செய்யாதே. ஏன் என்பதைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

இவ்விஷயத்தில் நம் ஊருக்கே ஒரு சரித்திரம் உண்டு. 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், அப்போது ஜனாதிபதியாயிருந்த மைத்திரிபால சிறிசேனவின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் யாரோ அத்துமீறிப் புகுந்து, சிங்களத்தில் ஓர் அறிவித்தலைப் பதித்தார்கள். உயர்தரப் பரீட்சையை ஏப்ரல் மாதத்தில் வைத்தால் அது சித்திரைப் புத்தாண்டோடு மோதும், ஆகையால் அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதும், இலங்கை இணையத்தளங்களின் பாதுகாப்பில் கவனம் செலுத்தவேண்டும் என்பதும் அதிலிருந்த கோரிக்கைகளுள் அடங்கும். தளம் சீர்செய்யப்பட்ட பின்னர் மீண்டும் தாக்கப்பட்டது. சில தினங்களுக்குள் பொலிஸார் கைதுசெய்தவர்களில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இருந்தான். அவன் கைதானது இந்தக் கடுகண்ணாவையில்தான்.

அந்த அறிவித்தலை நினைக்குந்தோறும் எனக்கு மனம் கனக்கிறது. பரீட்சைக் காலத்தைப் பற்றிய முறைப்பாடு ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் முறைப்பாடு. பாதுகாப்பைப் பற்றிய எச்சரிக்கையோ, தளம் உடைபட்டதாலேயே மெய்யென்று நிரூபணமானது. ஆனால் உலகப் பத்திரிகைகள் எழுதியது வேறு: பரீட்சையைத் தட்டிக்கழிக்க ஜனாதிபதியின் தளத்தையே உடைத்த பையன் என்று, வேடிக்கைச் செய்தியாக அதை வெளியிட்டன. நேர்வழியில் ஒரு மனுவாக வந்திருந்தால் நின்று பேசியிருக்கக்கூடிய நியாயம், புறவழியாக நுழைந்ததால் அந்த வேடிக்கைக்குள் மறைந்துபோயிற்று.

சட்டத்தையும் அறிந்துகொள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, தனக்கு அதிகாரமில்லை என்று தெரிந்தும் ஒரு கணினியிலோ அதிலுள்ள தகவலிலோ பிரவேசிப்பதுவே குற்றம். அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைவாசமும் ஓர் இலட்சம் ரூபா வரை அபராதமும் விதிக்கலாம். திருடவில்லை, எதையும் அழிக்கவில்லை என்று சொல்வதால் அந்தக் குற்றம் இல்லாமற் போய்விடாது. இது கடுமையென்று உனக்குத் தோன்றும். ஆனால் உள்ளே வந்தவனின் இருதயத்தைக் கணினியின் பதிவேடு காட்டுவதில்லை. எந்த நேரத்தில், எந்த முகவரியிலிருந்து, எந்தக் கோப்பு திறக்கப்பட்டது என்பதை மட்டுமே அது காட்டும். அதே 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து பணத்தை வெளியேற்றும்படி போலிக் கட்டளைகள் அனுப்பி, 8 கோடியே 10 இலட்சம் டொலரைப் பிலிப்பைன்ஸுக்குக் கடத்தினார்கள். நம் நாட்டுக்கு அனுப்பிய 2 கோடி டொலர், பெறுநரின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்தமையால் சந்தேகத்துக்குள்ளாகித் தடுக்கப்பட்டது. புகுந்த கணத்தில் அக்கொள்ளையரும் நல்லெண்ணத்தோடு புகுந்த மாணவனும் பதிவேட்டில் ஒரே மாதிரியான வரிகளாகத்தான் தெரிவார்கள். ஆதலால் தளத்துக்குப் பொறுப்பானவன் இருவரையும் ஒன்றாகவே கருதி, எல்லாவற்றையும் அடியோடு பரிசோதித்தாக வேண்டியிருக்கிறது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான ரொபர்ட் மொரிஸ், கணினிக்குக் கணினி தானாகவே தாவும் ஒரு சிறு நிரலை இணையத்தில் விட்டார். எதையும் அழிக்கும்படி அது எழுதப்படவில்லை. ‘இங்கே ஏற்கெனவே ஒரு பிரதி இருக்கிறது’ என்று ஒரு கணினி பதிலளித்தால் புதுப்பிரதி விலகிவிட வேண்டும். ஆனால் யாரேனும் பொய்ப்பதில் தந்து ஏமாற்றக்கூடுமே என்று எண்ணி, ஏழில் ஒரு முறை அந்தப் பதிலை மதியாமல் தங்கிவிடும்படி அவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால் பிரதிகள் பெருகி, ஏறக்குறைய 6,000 கணினிகள் மூச்சுத் திணறின. நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூக சேவையும், 10,050 டொலர் அபராதமும் விதித்தது. பிற்காலத்தில் அவர் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். அந்தச் சம்பவத்தின் விளைவாகத்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதலாவது கணினி அவசர உதவி அணி (செர்ட்) அமைந்தது. அந்த வழிமுறையில் 2006இல் நம் நாட்டிலும் இலங்கை செர்ட் தோன்றியது.

இவ்வளவும் சொல்வதால், உன் ஆர்வத்தை நான் குறைவாக எண்ணுகிறேன் என்று கருதாதே. ஹேக்கிங் என்ற இந்தக் கலையின் தொடக்கமே களங்கமற்ற ஆர்வந்தான். 1950களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யில் மாதிரி ரயில் ஓட்டிய மாணவர் சங்கத்தார், தண்டவாளப் பலகையின் அடியில் தொலைபேசி ரிலேக்களைக் கோத்துச் சமிக்ஞைகளை இயக்கிப் பழகி, அந்தப் பழக்கத்தோடு கணினிகளிடம் போனவர்கள். நம் புகையிரத நூதனசாலையில் எஞ்சின்களைச் சுற்றிச் சுற்றி வந்து ‘இது எப்படி ஓடுகிறது?’ என்று என்னைத் துளைத்தெடுத்த உனக்கு அவர்களுடைய மனம் விளங்கும். தொலைபேசி நிலையத்தில் உத்தியோகம் பார்த்த எனக்கோ, அதற்கடுத்த அத்தியாயந்தான் மிக நெருக்கமானது. அமெரிக்கத் தொலைதூரக் கம்பிகளில் பேச்சும் கட்டளையும் ஒரே வழியில் சென்றன. 2,600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால், கம்பி ஓய்ந்திருக்கிறது என்று மறுமுனைப் பொறி நம்பிவிடும். ஜோ எங்கிரேசியா என்ற, பிறவியிலேயே பார்வையற்ற சிறுவர், வாயால் சீழ்க்கையடித்தே அந்த ஒலியை எழுப்பினார். பாவிப்பவனின் பேச்சைக் கட்டளையென்று நம்பிவிடும் அந்தக் கோளாறு இன்றும் உங்கள் இணையத்தளங்களில் வேறு வேஷங்களில் உயிரோடிருக்கிறது. நீ கண்டதும் அதற்கு உறவுதான். முகவரியில் எவன் எந்த இலக்கத்தை எழுதினாலும், கேட்பவன் யாரென்று விசாரியாமல் அந்தத் தளம் பற்றுச்சீட்டை எடுத்து நீட்டுகிறது.

நீ பின்பற்றவேண்டியவர் நம் மொழிக்காரர் ஒருவர். தமிழ்நாட்டைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டகிராமில் கடவுச்சொல்லை மறந்தவருக்குத் தொலைபேசிக்கு வரும் ஆறிலக்கக் குறியீட்டை ஆராய்ந்தார். பத்து இலட்சம் குறியீடுகள் சாத்தியம். ஆயுள் பத்து நிமிடம். ஓர் இடத்திலிருந்து மட்டுமீறி முயன்றால் தடை. பல்வேறு முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் முயன்றால் அந்தத் தடை செயலற்றுப்போவதைக் கண்டுபிடித்தார். அதைக் கொண்டு ஒரு பிரபலஸ்தரின் கணக்கைக் கைப்பற்றிப் பெயர் தேடிக்கொண்டாரா? இல்லை. குறைகளைக் கண்டு சொல்வோருக்கென அந்த நிறுவனமே வகுத்திருந்த விதிகளின்படி, ஆதாரத்துடன் அறிவித்தார். நிறுவனம் குறையைத் திருத்தி, 2019இல் அவருக்கு 30,000 டொலர் சன்மானம் அளித்தது. திருத்திய பின்னரே அவர் அதை வெளியுலகுக்கு விவரித்தார்.

இனி நீ செய்யவேண்டியது. அந்த இலக்கத்தை மறுபடி மாற்றிப் பார்க்காதே; முதல் முறை வெறும் ஆர்வத்தால் நேர்ந்ததென்று சொல்லலாம், இரண்டாம் முறைக்கு அப்படிச் சொல்ல இடமில்லை. அந்த மாணவியின் விவரம் உன் கணினியில் தங்கியிருந்தால் அழித்துவிடு, நண்பர்களிடம் காட்டாதே. எந்தத் திகதியில், எந்தப் பக்கத்தில், எதைச் செய்தபோது என்ன தெரிந்தது என்பதை மட்டும், எவருடைய பெயரையும் சேர்க்காமல் எழுதி, அந்நிலையத்தின் பொறுப்பாளருக்கு அனுப்பு. பிரதியை இலங்கை செர்ட்டுக்கும் அனுப்பு. பணம் கேளாதே, ‘இத்தனை நாளுக்குள் திருத்தாவிட்டால்’ என்ற தோரணையில் ஒரு வார்த்தையும் வேண்டாம், அது மிரட்டலாகிவிடும். பதில் வராவிட்டால் செர்ட்டுக்கே மறுபடி எழுது. அந்நிலையத்தார் உன்மேல் சினந்து அதட்டினாலும் திருப்பி எழுதாமல் எனக்குத் தெரிவி. நான் நேரில் வந்து பேசுகிறேன். கடிதத்தை அனுப்புமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால், வாசகம் பார்த்துத் தருவேன்.

இப்படிக்கு,
உன் மாமா