உதவி கேட்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே

பக்கவாதத்தாலோ புற்றுநோயாலோ படுக்கையில் இருப்பவரை வீட்டில் கவனிக்கும் பொறுப்பு பல குடும்பங்களில் ஒரே ஒருவரிடம் சேர்ந்துவிடுவதை நாங்கள் பார்க்கிறோம். தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்ட மகளாகவோ, தாமே சர்க்கரை நோயாளியான மனைவியாகவோ அவர் இருக்கிறார். "யாருக்கும் தொந்தரவு வேண்டாம்" என்று அவர் வெளியே சொல்வதில்லை.

அசைய முடியாத நோயாளியை ஏறக்குறைய 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்கிறோம். அது ஒரு நாளில் 12 முறை. தனி ஒருவர் இழுத்துப் புரட்டும்போது நோயாளியின் தோல் உரசிப் படுக்கைப் புண் உண்டாகலாம். இழுப்பவருக்கும் இடுப்பு வலி வரும். இருவர் இருபுறமும் நின்று, அடியில் விரித்த துணியோடு சேர்த்துத் தூக்கினால் இவ்விரண்டும் குறையும். ஆகவே இரண்டாவது ஆள் என்பது சிகிச்சைக்கு வேண்டிய தேவை.

எவ்வாறு கேட்பது?

முதலில் ஒரு வாரத்து வேலைகளை எழுதுங்கள்: குளிப்பாட்டுதல், புரட்டுதல், இரவு விழித்திருத்தல், மாத்திரை வாங்குதல், ரேஷன் கடைக்குப் போதல், குழந்தைகளைப் பள்ளியில் விடுதல். உடலைத் தொட்டுச் செய்யும் வேலைகளுக்கு யார் வரலாம் என்று நோயாளியையே கேளுங்கள். மற்றவற்றை எவரும் செய்யலாம்.

பார்க்க வருபவர்கள், "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பார்கள். அப்போது, "ஒன்றும் வேண்டாம்" என்று அனுப்பிவிடாதீர்கள். "மதினி, செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அப்பாவோடு இருக்கிறீர்களா? நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிடுகிறேன்" என்று நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள். கேட்கப்படுபவருக்கும் தம்மால் இயலுமா என்று சொல்வது எளிதாகும். வெளியூரில் இருக்கும் தம்பியிடம் மாதச் செலவில் ஒரு பங்கையோ, விடுப்பு எடுத்து வந்து சில இரவுகள் விழித்திருப்பதையோ கேட்கலாம்.

கரிசல் காட்டில் புரட்டாசி முதல் கார்த்திகை வரை விதைப்பும் களையெடுப்பும் நடக்கும். பகலில் ஆள் கிடைப்பது கடினம். அம்மாதங்களில் மாலை நேர உதவியைக் கேளுங்கள். ஒருவர் இயலாது என்றால் மனத்தாங்கல் கொள்ளாமல் அடுத்தவரை நாடுங்கள்.

அக்கம்பக்கத்தாரால் இயலுமா என்ற ஐயம் வேண்டாம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஊர்மக்களே பயிற்சி பெற்று, படுக்கையில் உள்ளோரின் வீடுகளுக்குச் சென்று உதவிவருகின்றனர். 2008-இல் அம்மாநில அரசு வலி தணிப்பு, ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

அரசிடமும் கேளுங்கள்

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளும், இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்புச் சேவையும் வீட்டிற்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணை அழைக்கலாம்.

உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்

தூக்கம் கெடுதல், சொந்த மாத்திரையை மறத்தல், நோயாளி மீது அடிக்கடி எரிச்சல், காரணமின்றி அழுகை ஆகியவை தொடர்ந்தால் எங்களிடம் தயங்காமல் கூறுங்கள். அன்பு குறைந்துவிட்டது என்று நாங்கள் ஒருபோதும் எண்ண மாட்டோம். அவை களைப்பின் அறிகுறிகள், அவற்றுக்கும் மருத்துவம் உண்டு. அடுத்த முறை வரும்போது நீங்கள் எழுதிய வேலைப் பட்டியலையும், உதவ முன்வந்த ஒருவரையும் அழைத்து வாருங்கள். புரட்டும் முறையை உங்கள் இருவருக்கும் சேர்த்தே கற்றுத் தருகிறோம்.